பனியில் ஓர் எல்லைச் சண்டை

பனி மூடிய குரோருட் நிலையத்தில் ஏறிய இரு பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். இளையவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே என் கையிலிருந்த புத்தகம் மடிக்கு இறங்கிவிட்டது.

“பனியிலை மதில் கட்டினாலும் எல்லைப் பிரச்சினை வருது, அக்கா.”

“ஆரோடை?”

“பக்கத்து வீட்டு அண்ணையோடைதான். பிள்ளையள் மேட்டிலை இருந்து சறுக்கி நேரே றோட்டுக்குப் போகுதுகள். அதுதான் எங்கடை இவர் பனியை அள்ளிக் குவிச்சு, இடுப்பளவுக்கு ஒரு மதில் கட்டினவர். அது அண்ணை கார் விடுற இடத்துக்குள்ளை ஒரு அடி வந்திட்டுதாம்.”

“ஏப்ரலிலை உருகிற மதிலுக்கோ?”

“ஓம். இடிக்கப்போறன் எண்டு பனி அள்ளுற சவளோடை வந்து நிண்டார். அந்த நேரம் பாத்து அவற்றை மகள் சறுக்கிக்கொண்டு வந்து, மதிலிலை பொத்தெண்டு முட்டி நிண்டாள். அங்காலை பஸ் போகுது.”

மூத்தவர் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார். “பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?”

“அவள் இன்னொருக்கா எண்டு சிரிக்கிறாள். அண்ணைதான் சவளைப் போட்டிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினவர். பிறகு பின்னேரம் முழுக்க நிண்டு, மதிலை இன்னும் உயத்தித் தானே கட்டித் தந்தவர்.”

“பாத்தியே, நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன்தான். காலமை போய்ப் பாத்தா, மதில் எங்கடை கார் விடுற இடத்துக்குள்ளை ரெண்டு அடி வந்து நிக்குது.”



“ஊரிலை வேலி அடைக்கேக்கை பக்கத்துக் காணிக்குள்ளை தள்ளிப் போட்டுப் பழகின கையெல்லே,” என்றார் மூத்தவர் மிகுந்த பரிவோடு. “பனியைக் கண்டாப்போலை மறந்திடுமே?”