இதை யார் திறந்தது

இல்ல சார், வண்டி புக்கை நீங்களே வெச்சுக்கங்க. அதுல ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்கும், அவ்வளவுதான். எந்த ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்காது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்த கியர்பாக்ஸை எனக்கு முன்னாடி யார் திறந்தது? அதைச் சொல்லுங்க, அப்புறம் உள்ள கை வைக்கறேன்.

யாருமே திறக்கலையா. சரி. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை. டயர் மேல உக்காருங்க, எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க.

அவசரம்னு புரியுது சார். உள்ள ரெண்டு வாஷிங் மிஷின் நிக்குது, ரெண்டு வீட்டுல அழுக்குத் துணியைக் குவிச்சு வெச்சுட்டு உங்களைத் திட்டிட்டிருப்பாங்க. கொஞ்சம் திட்டட்டும். இப்பவே ரோட்டுல ஏத்தினா பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். காலைல அப்படித்தானே ஆச்சு? அதேதான் ஆகும்.

உங்களைக் குத்தம் சொல்லல. வண்டி வெச்சிருக்கறவங்கள்ல பாதி பேருக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. போன வாரம் ஒருத்தர் போன் பண்ணி கியர்பாக்ஸ் கிடைக்குமான்னார். எந்த கியர்பாக்ஸ்னு கேட்டேன். வெள்ளை வண்டின்னார். சரி, இன்ஜின் எதுன்னு கேட்டேன். முன்னாடி இருக்குன்னார். தப்பில்ல, முன்னாடிதான் இருக்கு.

உங்க வண்டி இருக்கு பாருங்க, இதே மாடல், இதே வருஷம், ரெண்டு விதமா வந்துச்சு. ஒண்ணு பல்சக்கரம் வெச்சது. இன்னொண்ணு பெல்ட் வெச்சது. உள்ள உக்காந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. லீவர் அதே, எழுத்து அதே. ஓட்டிப் பாத்தா தெரியும். பல்சக்கரம் படி ஏறற மாதிரி போகும், ஒவ்வொரு படிக்கும் லேசா ஒரு தட்டு தட்டும். பெல்ட்டுக்குப் படியே கிடையாது, ஒரே சீரா இழுத்துட்டுப் போகும். அப்பவும் சந்தேகமா இருந்தா கீழ படுத்து அடி மூடியைப் பாக்கணும். ஒண்ணோட மூடி சதுரம். இன்னொண்ணு மூலை வெட்டின சதுரம். என் சம்சாரத்தைக் கேட்டாக்கூடச் சொல்லுவா. இப்ப கேக்க முடியாது, சாப்பிடறா.

கதவுல கம்பெனிக்காரன் அடிச்ச தகட்டைப் பாத்தா உங்களுது பல்சக்கரம். கீழ தொங்கறது பெல்ட். யாரோ எடுத்துட்டு வேற ஒண்ணை மாட்டியிருக்காங்க. ஆமா சார், யாரும் திறக்கலன்னு சொன்னீங்க, நான் மறக்கல. திறக்காமயே மாறியிருக்கு. நடக்கட்டும்.

இதுல கூத்து என்னன்னா, ரெண்டுக்கும் ஆயில் வேற. பல்சக்கரத்துக்கு சிவப்பு. பெல்ட்டுக்கு சிவப்பை ஊத்தினா பெல்ட் பிடிக்காது, நழுவும். இந்த டப்பாவுல இருக்கற ஆயிலைப் பாருங்க. உங்க வண்டியிலேர்ந்து இறங்கினது. என்ன கலர்? அதான். போன மாசம் வழியில ஒருத்தன் டாப் அப் பண்ணினான்னீங்களே, அவன் புக்கைப் பாத்து சிவப்பை ஊத்தியிருக்கான். அவனும் பாவம், புக்கு படிச்சவன்.

வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சா? இது ரெண்டாவது பதில் சார். மூணாவது யோசிக்கறதுக்குள்ள இங்க வாங்க, இந்த மூடியைப் பாருங்க. கை வைக்காதீங்க, சட்டை கெட்டுப் போகும். ஓரத்துல சாம்பல் கலர்ல ஒட்டிட்டு இருக்கே, அது பேஸ்ட். கம்பெனிக்காரன் இதைப் போடமாட்டான், அவன் ரப்பர் வைப்பான். பேஸ்ட் இன்னும் இறுகிப் போகல. நீங்க வண்டி வாங்கின பிறகு போட்டதுதான்.

இன்னும் கிட்ட வாங்க. பேஸ்டுக்குள்ள ஏதோ தெரியுதா? முடி இல்ல சார். நூல். தையல் நூல். போல்ட்டுக்கு உள்பக்கமா சுத்தி ஓட்டி, கடைசியில ஒரு முடிச்சு. ஒரு சொட்டு ஒழுகாது. இதை எந்த ஸ்கூல்லயும் சொல்லித் தரமாட்டாங்க, நான் வேற எந்தக் கடையிலயும் பாத்ததில்ல. எங்க அப்பா பண்ணுவார். அவர்கிட்ட கத்துக்கிட்டது ரெண்டு பேர். ஒண்ணு நான். நான் ஓட்டினா நூல் இப்படிப் போகும். இது பாருங்க, எதிர்ப்பக்கமா போகுது. இடது கைக்காரங்க போட்டது.

நான் மிரட்டல சார். குரலே அப்படி. தண்ணி குடிங்க.

ம். லேடியா.

இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? ஸ்டாண்டுல கிண்டல் பண்ணுவாங்களா. பொம்பளைகிட்ட கியர்பாக்ஸைக் கொடுத்தியான்னு. பண்ணுவாங்கதான். அவங்க வண்டியெல்லாம் யார்கிட்ட கொடுத்தாங்க, எத்தனை தடவை திரும்பக் கொடுத்தாங்கன்னு ஒரு நாள் கேட்டுப் பாருங்க. சரி அதை விடுங்க. எப்படி இருந்தாங்க அவங்க? இல்ல, ஆள் எப்படி? உயரமா? மெலிஞ்சா? உடம்புக்கு நல்லாத்தானே இருந்தாங்க?

திட்டினாங்களா? என்னன்னு? என்னைக் கேக்காம ஒரு சொட்டு ஆயில் ஊத்தினா வண்டியை இந்தப் பக்கம் கொண்டு வராதேன்னாங்களா? அப்ப அவதான்.

என் தங்கச்சி சார்.

இந்தக் கடையில நாங்க மூணு பேர். அப்பா, நான், அவ. வேலையில அவதான் பெரியவ, நான் சும்மா வயசுல பெரியவன். ஒரு வண்டி வாசல்ல நிக்கறதுக்குள்ள என்ன இன்ஜின், என்ன பாக்ஸ்னு சொல்லிடுவா. வர்றவங்க அவளைத் தாண்டி எட்டிப் பாத்து, மெக்கானிக் எங்கம்மான்னு கேப்பாங்க. நான்தான்னு சொல்லுவா. சரிம்மா, மெக்கானிக் எங்கன்னு மறுபடி கேப்பாங்க. அவ அதையெல்லாம் சட்டை பண்ணமாட்டா. கல்யாணம் ஆன பிறகு அப்பா ஒரு நாள், நீ இனிமே கல்லாவுல உக்காரு, கீழ படுக்கற வேலை அண்ணன் பாக்கட்டும்னார். அதை மட்டும் சட்டை பண்ணினா. கையைத் துடைச்சா, புருஷனைக் கூப்பிட்டா, போயிட்டா. ஒரு சத்தம் இல்ல. சத்தம் போட்டிருந்தா சமாதானம் பண்ணியிருக்கலாம்.

அப்புறம் ஊர் மாறிட்டாங்க, நம்பர் மாறிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுலயும் வாயைத் திறக்கல, சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கா. அப்புறம் அவங்களும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நானும் தேடாத இடமில்ல. கடைசியில ஒரு யோசனை வந்துச்சு. அவளால சும்மா இருக்க முடியாது, எங்கயோ ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலதான் படுத்திருப்பா. அன்னிலேர்ந்து எந்த வெளியூர் வண்டி வந்தாலும் மூடியைக் கழட்டிப் பாக்கறேன். கண்ணாடி மாத்த வந்தவனோடதையும் கழட்டினேன். பைத்தியம்னு பேர் வாங்கியாச்சு.

உங்களுதைக் கழட்டி நூலைப் பாத்ததும் கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலயே படுத்திருந்தேன். நீங்க என்னாச்சுன்னு கேட்டீங்களே, போல்ட் டைட்டா இருக்குன்னு சொன்னேன். போல்ட் ஏற்கெனவே கையிலதான் இருந்துச்சு. நீங்க பொய் சொன்னீங்க, நானும் ஒண்ணு சொல்லிட்டேன், சரியாப் போச்சு.

அவ நம்பர் உங்க போன்ல இருக்கும்ல? நல்லது. நீங்களே பேசுங்க. என்னைப் பத்தி மூச்சு விடாதீங்க, இந்தக் கடையைப் பத்தியும் வேண்டாம். தெரிஞ்சா வரமாட்டா. நீங்க மாட்டின பாக்ஸ் நின்னு போச்சு, இங்க இருக்கற ஒருத்தன் அதைப் பிரிச்சுப் போட்டுட்டு முழிக்கறான்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல. அவ கட்டினதை இன்னொருத்தன் நோண்டறான்னா அவளால பொறுக்க முடியாது, கிளம்பிடுவா. பெட்ரோல் பங்க் பக்கத்துல நிக்குதுன்னு சொல்லுங்க. மூடியைத் தற்காலிகமா மாட்டிட்டு, நான் அங்க தள்ளிட்டு வந்துடறேன். நீங்க ஸ்டீரிங்கைப் பிடிச்சா போதும். வாஷிங் மிஷின் ரெண்டையும் என் வண்டியில ஏத்தி அனுப்பறேன், கவலைப்படாதீங்க.

ஆயில் மாத்தினா ஓடும் சார், பெல்ட் இன்னும் கெடல. நானே மாத்திடலாம், அரை மணி நேர வேலை. அதுக்காகக் கூப்பிடல.

நானே பேசலாம்தான். நம்பரைக் கொடுத்தா இப்பவே அடிக்கலாம். பயமா இருக்கு சார். என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டான்னா அப்புறம் எடுக்கவே மாட்டா. எடுத்தாலும் முதல்ல என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். அப்பா இன்னும் அதே வீம்புலதான் இருக்காரான்னு கேப்பா.

அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு. அவளுக்கு இன்னும் யாரும் சொல்லல.

அதைப் போன்ல எப்படிச் சொல்றது. வரட்டும். வந்து என்னை நாலு திட்டு திட்டிட்டு, வண்டியைப் பாத்து முடிக்கட்டும். கையில வேலை இருக்கும்போது அவகிட்ட சொல்லமாட்டேன். முடிச்சு கையைத் துடைச்சதும் சொல்றேன். நீங்க டயல் பண்ணுங்க சார்.