சிகாகோவிலிருந்து இருபத்திநாலு மணி நேரம்

ஏனுங்கண்ணி, பொழுது சாயறதுக்குள்ள எடுக்காம எங்கண்ணன ஐஸ் பொட்டியில போட்டு வெச்சிருந்தா சனம் என்ன பேசும்... வேனை விட்டு எறங்குனதுலருந்து இதத்தான சொல்லிட்டிருக்கீங்க, கருப்புசாமி தம்பி? பேசட்டும். ஹனூர்லருந்து அவ்ளோ தூரம் வந்த சனம், பேசாம என்ன பண்ணும்? பொட்டி கரண்ட்ல ஓடுது. உங்கண்ணனுக்கு இதுக்கு மேல ஒண்ணும் ஆகாது.

கொள்ளி நீங்களே வையுங்க, நான் வேண்டாங்கல. எங்களுக்குப் பையன் இல்ல, தெரியும். ஆனா ஜீவிதா வந்து அப்பா மூஞ்சியப் பாக்காம, அவ கையால வாய்க்கரிசி போடாம, இந்த வாசல்படி தாண்டி யாரும் அவரத் தூக்க முடியாது. ஒத்தப் பொண்ணு.

ஏரோப்ளேன்ல வர்றவளுக்கு இவ்ளோ நேரமான்னா கேக்கறீங்க? சிகாகோ என்ன கொள்ளேகால் பக்கத்துலயா இருக்கு? பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறுற மாதிரி நெனச்சிட்டீங்களா? அங்கருந்து தோஹாவுக்குப் பதிமூணு மணி நேரம். தோஹால மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும். அப்புறம் பெங்களூருக்கு நாலு. எறங்கி, பாஸ்போர்ட்டக் காட்டி, பெட்டிய எடுத்து, கார் புடிச்சு மைசூர் வர இன்னொரு நாலு. எல்லாம் சேத்து இருபத்திநாலு. கான்வெண்ட்ல கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட், வேணும்னா கூட்டிப் பாத்துக்கங்க.

ஆமா, மத்தியானம் ஏறிட்டான்னு போன்ல நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்போ?

அப்போ நாளைக்கு மத்தியானம் வந்துடணுமா? எப்படி முடியும்? நாளன்னிக்கு விடிகாலைலதான். ஏன்னா... ஃப்ளைட்டுன்னா லேட் ஆகும், தம்பி. கியூல நிக்க வைப்பான். உங்க டிராக்டரா, சாவி போட்டதும் கெளம்ப?

ஃப்ளைட் நம்பர் எதுக்கு? ஓ, ஏரோப்ளேன் எந்த ஊரத் தாண்டுதுன்னு உங்க பொண்ணு மனிஷா போன்லயே காட்டுவாளா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். ரொம்பக் கெட்டிக்காரி. வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கச் சொல்லுங்க மொதல்ல.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கதவச் சாத்துங்க. உங்கக்கா காதுல விழுந்துச்சுன்னா ஒப்பாரியோட சேத்துப் பாடிடுவாங்க.

பதினோரு மணிக்கு உங்கண்ணன் மூச்சு நின்னப்ப, அங்க ராத்திரி பன்னெண்டரை. தனியா இருக்கற பொண்ணு. தூக்கத்துல எழுப்பிச் சொன்னா யாரு புடிச்சுக்குவா அவள? விடியட்டும், மூஞ்சி கழுவட்டும், ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்னு விட்டேன். எந்த ஃப்ளைட், எத்தன மணி, எங்க மாறணும்னு அது ஒண்ணத்தான் பாத்துப் பாத்து வெச்சேன். அதுக்குள்ள நீங்க போன் பண்ணி எப்ப வர்றா, எப்ப வர்றான்னு. ஏறிட்டான்னு வாயில வந்துடுச்சு.

அவளுக்கு இன்னும் சொல்லவே இல்ல, தம்பி.

இப்ப நமக்கு அஞ்சு, அவளுக்குக் காலைல ஆறரை. எந்திரிச்சிருப்பா. இதோ போட்டுட்டேன், ரிங் போவுது. இவ்ளோ பேசற எனக்கு அத மட்டும் சொல்ல நாக்கு எழல. நீங்க சித்தப்பா, நீங்க சொல்லுங்க. ஏன் கைய பின்னால கட்டிக்கறீங்க? புடிங்க. எடுத்துட்டா. அம்மாங்கறா. தம்பி, போனை வாங்குங்க.