புதிதாக வெள்ளையடித்த ரூம்

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் காலை பஸ். இருக்கன்குடியில் சாமி கும்பிட்டுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய சென்னைக்கார அம்மா ஒருவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண். ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"காட்டுக்குள்ள தனித்தனியா குட்டி வீடு! அழகா இருக்கே."

"வீடு இல்லக்கா, வேலை செய்யுற ரூமு. ஒண்ணு வெடிச்சா அடுத்தது பத்தக் கூடாதுல்ல, அதேன் தள்ளித் தள்ளி."

அந்த அம்மா சிரித்தபடி போட்டோ எடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த வேப்பமரம் ஏன் ஒரு பக்கம் மட்டும் பச்சையா இருக்கு?"

"கருகுன பக்கம் ரூமைப் பாத்த பக்கம். போன சீசன்ல எந்தங்கச்சி அந்த ரூமுலதேன் இருந்தா."

போன் கீழே இறங்கியது.

"ஐயோ! வெளிய ஓட முடியலையா?"

"எப்படி ஓடுவா? வாசல் அம்புட்டுலயும் பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக. ஆர்டர் அவசரமாம்."

"அந்த ரூமை மூடிட்டாங்கல்ல?"

"எங்க மூட? புதுசாக் கட்டி வெள்ளையடிச்சிருக்காக. இன்னைக்கு நாந்தேன் அங்கன உக்காரப் போறேன்."

பஸ் நின்றது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பவாவது வாசலை அடைக்காம வச்சிருப்பாங்கல்ல?"

"உள்ள போயித்தேன் பாக்கணும்க்கா."