கறுப்பு மணலில் முளை அடிக்கும் சத்தம்

இரவு பத்து மணி தாண்டியிருக்கும். அக்டோபர் மாதம். தெற்கு ஐஸ்லாந்தின் மணல்வெளியில் இரண்டு குதிரைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. வடக்கே பனிமலை, தெற்கே கடல், நடுவில் கறுப்பு மணல்... மரம் இல்லை, விளக்கு இல்லை, நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை.

இது யாரோ எவரோ சொன்ன கதையல்ல. அதோ, நம்மைப்போலவே தண்ணீர் வடியக் காத்து, அடுப்போரம் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே பெர்க்தோரா, அவளுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

பெரியம்மாவின் பெயர் ஒத்நீ. மருத்துவச்சி. இரண்டு இரவு தூங்காமல் வேறொரு பண்ணையில் பிரசவம் பார்த்துவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருந்தாள். பூட்ஸைக் கழற்றி, சூப்பை அடுப்பில் வைத்தாள். கதவு தட்டப்பட்டது. சிக்வால்டி நின்றான். மணல்வெளிக்கு அப்பால் அவன் பண்ணை. மனைவி ஹால்டிஸுக்கு வலி கண்டு ஒரு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. ஒத்நீ ஈரம் காயாத பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்கம்மா... அவ தாங்க மாட்டா."

"உன்னையும் நான்தான்டா எடுத்தேன். அன்னைக்கும் இப்படித்தான், தலைக்கு முன்னாடி காலை நீட்டிக்கிட்டு வந்த. அவசரக் குடுக்கை."

அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

அங்கே ஆறு ஒரே இடத்தில் ஓடாது. பனிமலைக்கு அடியில் நெருப்பு கனன்று, உருகிய தண்ணீர் அழுகிய முட்டை நாற்றத்தோடு உடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் துறை, மேடு, பாதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். வடிந்த பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முறை வைத்துப் போய், கடல் ஒதுக்கிய கட்டைகளை முளையாக அடித்துப் புதுப் பாதை காட்டுவார்கள். முளைக்கு இந்தப் பக்கம் தரை. அந்தப் பக்கம் ஆறு. அவ்வளவுதான் கணக்கு. புது முளையைக் கண்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அதை ஒட்டிப் போய்விடுவார்கள்.

பாதி வழியில் முளைவரிசை சட்டென்று மேற்கே திரும்பியது. பழைய துறை நேரே இருந்தது. சிக்வால்டி குதிரையை நிறுத்தினான்.

டொக்.

எங்கோ முன்னால். மரக்கட்டை மேல் மரக்கட்டை அடிக்கிற சத்தம்.

டொக்... டொக்.

"எயோல்வ் மாமாவா இருக்கும். இந்த வருஷம் அவர் முறை."

"இந்நேரத்துலயா? குடிச்சிட்டு முளை அடிக்கிற கொட்டாப்புளியோட கிளம்பிட்டானா?"

"குடிச்சாலும் முளை மட்டும் நேரா அடிப்பாரும்மா."

இருட்டில் ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்தது. முதுகில் கட்டைக்கட்டு. சிக்வால்டி கூப்பிட்டான். திரும்பவில்லை. அவர்கள் வேகமாகப் போனால் அதுவும் அதே தூரத்தில் முன்னால் போனது. கையால் தொட்டால் முளைகள் ஈரமாக, அப்போதுதான் அடித்தவையாக இருந்தன.

ஒவ்வொரு அடி விழும்போதும் ஒத்நீக்குத் தோள் ஒரு பிடி தளர்ந்தது. தூக்கமில்லாத அசதி என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் விழுந்துவிடுவோம் என்று குதிரையின் பிடரி மயிரை விரலில் சுற்றிக்கொண்டாள். காற்றில் லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது... போய்விட்டது.

கால் நனையாமல் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நேரம் போனதே தெரியவில்லை. விடிய இன்னும் நெடுநேரம் இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண். நீலமாக வந்து, பிறகு சிவந்து, பிறகுதான் அழுதது. ஹால்டிஸ் வெள்ளைத் துணிபோலக் கிடந்தாள். ஒத்நீ சுவரில் சாய்ந்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இனி எழுந்திருக்கக் கூடாது என்றுதான் அவள் உடம்பு சொன்னது.

டொக்.

வீட்டுக்குப் பின்பக்கம்.

சிக்வால்டி லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே ஒத்நீயும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆள் இல்லை. முளைகள் இருந்தன. மணலோடு நிற்காமல் புல்வெளியில் ஏறி, மாட்டுக்கொட்டிலைச் சுற்றி, வீட்டுக்கும் பின்னால் இருந்த குன்றுக்கும் நடுவே வரிசையாகப் போயிருந்தன. குன்று இந்தப் பக்கம்... வீடு அந்தப் பக்கம்.

"குடிகாரக் கிழவன்! எங்க வீட்டை ஆத்துக்குள்ள வச்சு அடிச்சிருக்கான் பாருங்க!"

கோபத்தில் ஒரு முளையைப் பிடுங்கி எறிந்தான். அந்த ஊரில் அடித்த முளையை யாரும் பிடுங்கியதில்லை. குழி கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. பிறகு அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. சாம்பல் நிறம். நுரை. அந்த நாற்றம்... இப்போது முகத்திலேயே அடித்தது.

"கதவைக் கழட்டு," என்றாள் ஒத்நீ.

"இப்பத்தான் பெத்தவ... எப்படிம்மா தூக்குறது? ரத்தம் நிக்கல. செத்துருவா."

"தூக்கினா சாகலாம். இங்க கிடந்தா செத்தே போவா. கழட்டுடா!"

கதவில் ஹால்டிஸைப் படுக்க வைத்துக் கம்பளியால் கட்டினார்கள். குழந்தை ஒத்நீயின் சட்டைக்குள். முன்னால் அவன், கையுறைகளை மாட்டிக்கொண்டு பின்னால் அவள். குன்றின் பாதி உயரத்தில் பனிமலைப் பக்கமிருந்து உறுமல் கேட்டது. கீழே வீட்டு ஜன்னலில் விட்டுவந்த விளக்கு தெரிந்தது. அது நகர்ந்தது. வீட்டோடு நகர்ந்து, கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய் அணைந்தது.

உச்சியில் கதவை இறக்கி வைத்தார்கள். ஒத்நீ மண்டியிட்டாள்.

டொக்.

இந்த முறை அவர்களுக்குப் பின்னால். மேட்டில். குன்றுக்கும் அப்பால்.

"முடியாதும்மா," என்று அழுதான் சிக்வால்டி. "என்னால இனி முடியாது."

"எனக்கு மட்டும் முடியுதா? தூக்கு."

இராமுழுக்க அப்படியேதான். இறக்கி வைப்பார்கள், சத்தம் அவர்களைத் தாண்டிப் போய் இன்னும் தூரத்தில் விழும், மறுபடி தூக்குவார்கள். விடியும்போது தேவாலயம் தெரிந்தது. சத்தம் நின்றது. ஹால்டிஸுக்கு மூச்சு இருந்தது. குழந்தை பாலுக்கு அழுதது.

அந்தக் குன்று இப்போது இல்லை. நாளைக் காலையில் தண்ணீர் வடிந்ததும் நாம் குதிரை ஏறிப் போகப்போகிற தட்டை மணல் இருக்கிறதே... அதுதான்.

அன்று எயோல்வ் காய்ச்சலில் ஒரு வாரமாகப் படுக்கையில் கிடந்தார் என்று பிறகு தெரிந்தது. அது கிடக்கட்டும். பாதிரியாரின் மனைவி காபியை நீட்டினாள். கோப்பையைப் பிடிக்க ஒத்நீக்கு விரல் மடங்கவில்லை. கதவைத் தூக்கிய வீக்கம் என்று நினைத்துத்தான் அந்த அம்மாள் ஒத்நீயின் கையுறைகளைக் கழற்றினாள்.

இரண்டு உள்ளங்கையிலும் கொட்டாப்புளி பிடித்த கொப்புளங்கள்... உடைந்து, உள்ளே கறுப்பு மணல். வலது கட்டைவிரலில் கடல் ஒதுக்கிய கட்டையின் மரச்சிலாம்பு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. அதைச் சுற்றியிருந்த தோல், ஏறிப் பல நாள் ஆனதுபோல, மூடிக்கொண்டிருந்தது.