கண்ணாடி சரியாகத்தான் இருந்தது

மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கோட்டாறில் பதினெட்டு வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். ரசலையன் கைபட்ட வண்டி வழியில் நின்றது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நீங்களோ மகஸரில், மெக்கானிக்கின் அசட்டையால் கண்ணாடி தப்பாக வைக்கப்பட்டிருந்தது, அதனால் பின்னால் வந்த லாரி டைட்டஸுக்குத் தெரியாமல் போயிற்று என்று எழுதிவிட்டீர்கள். அசட்டை என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

டைட்டஸ் என் தங்கை தங்கபாயைக் கல்யாணம் செய்ய இருந்தவன். பணகுடியில் பருத்தி வாங்குகிற ஏஜெண்டு. சனிக்கிழமைதோறும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக எங்கள் வீட்டுக்கு வருவான். நல்ல பையன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது.

தங்கபாய்க்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் நான்தான். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டைட்டஸுக்கு முன்பு அவளுக்கு மூன்று வரன் வந்தது. ஒருவன் இருமினான். இன்னொருவன் வீடு குளத்தங்கரையில் இருந்தது; இவளுக்கு ஈரம் ஆகாது. மூன்றாமவனை ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அப்போதெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. டைட்டஸ் விஷயத்தில்தான் எதிர்த்துப் பேசினாள்.

"எனக்கு இருவத்தாறு வயசாச்சு, அண்ணே. எனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"ஏட்டி, ஒனக்கு வேண்டியது எனக்குத் தெரியாதா?"

அவள் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் அவளே போய்ப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டாள். யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு மூன்று வாரம் வாசிக்கிற கல்யாண ஓலையைக் கோவிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்தும்விட்டார்கள். மூன்றாவது ஓலை வாசித்தாகிவிட்டால் பிறகு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் பணகுடிக்குப் போய்விடுவாள்.

அந்த வாரம்தான் டைட்டஸ் வண்டியோடு ஒர்க்ஷாப்புக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணாடியில எனக்க தோளு மட்டுந்தான் தெரியுது. பொறத்தால என்ன வருதுன்னு ஒண்ணும் காணேல."

அவன் சொன்னது உண்மை. கண்ணாடியைத் தாங்கும் தண்டு குட்டை. கம்பியை உலையில் காய்ச்சி வளைத்து, நீளமாக வேறொரு தண்டு செய்தேன். கைப்பிடியின் நுனிக்குக் கொண்டுபோய், மூன்று அங்குலம் வெளியே தள்ளிப் பொருத்தினேன். அவனை வண்டிமேல் உட்காரவைத்து, தெருவில் ஐம்பது அடி பின்னால் போய் நின்றேன். "உங்க சட்டைப் பொத்தான்கூடத் தெரியுது அண்ணாச்சி" என்று அங்கிருந்தே கத்தினான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களுக்குப் பிடிபடாத விஷயம் இதில் ஒன்று இருக்கிறது. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழியை மேற்கே பார்த்துக் கடக்கிறவன் நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்ட முடியாது. நெஞ்சு பெட்ரோல் டாங்கில் படுகிற மாதிரிக் குனியவேண்டும். நிமிர்ந்த கண்ணுக்கு வைத்த கண்ணாடி குனிந்தவனுக்கு ரோட்டைக் காட்டாது, ஆகாயத்தைத்தான் காட்டும். ஆகவே கணவாய்ப் பக்கம் போகிறவர்களை நான் ஒருதடவை குனியச் சொல்லியும் பார்த்துத்தான் கண்ணாடியை முறுக்குவேன். டைட்டஸைக் குனியச் சொல்லவில்லை. வழியில் அவன் கையால் திருப்ப முடியாதபடி இரட்டை நட்டும் போட்டேன். அசட்டையாக வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் தோன்றுமா?

மோதிய லாரி எது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ப்ரேக் வேலைக்கு என்னிடம் விட்டிருந்த உப்பு லாரி அது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை மத்தியானம் முப்பந்தல் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தேன். டைட்டஸ் என்னைத் தாண்டிப் போனான். நன்றாகக் குனிந்திருந்தான். நான் பின்னாலேயே போனேன். மூன்று தடவை ஹாரன் அடித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் அந்தச் சத்தம் எனக்குப் பின்னால்தான் போயிருக்கும். மோதுகிறவரை அவன் திரும்பவில்லை. பயப்பட அவனுக்கு நேரம் இருந்திருக்காது என்பது எனக்கு ஒரு ஆறுதல். ப்ரேக் நன்றாகப் பிடித்தது.

மறுநாள் கோவிலில் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை.

தங்கபாய் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் என் ஒர்க்ஷாப்பில்தான் இருப்பாள். என் வேலை அவளுக்கு அத்துப்படி. அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரைக் குனியச் சொல்லிப் பாத்தியா, அண்ணே?"

நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. இல்லை என்றேன். உடனே தெருவில் இறங்கி ஓடப் பார்த்தாள். புத்தி கலங்கிய நேரத்தில் வயசுப்பெண் தெருவில் அலையக் கூடாது. உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் ஜன்னல் வழியாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் தொடவில்லை. நாலு நாள் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் காலையிலிருந்து தட்டவில்லை. நான் எல்லாம் அவளுடைய நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஒருவழியாக அவளுக்கும் புரிந்துவிட்டது.