பதினோராம் சாட்சி

நான் கோபக்காரன் இல்லை. சட்டை கசங்கியிருந்தால்கூட மனைவியிடம் குரலை உயர்த்தாமல் நானே இஸ்திரி போட்டுக்கொள்கிறவன். அதனால், ஆய்வாளரே, இதை ஆத்திரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

முன்னாள் அதிபர் மீதான வழக்கில் நான் அரசு வழக்கறிஞர். சதுக்கத்தில் கூடியவர்களைச் சுடச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நாற்பத்தொரு பேர் செத்தார்கள். கூண்டில் அந்த மனிதரைப் பார்த்தீர்களா? பத்தாண்டு நாட்டை ஆட்டிப்படைத்தவர் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தடவிக்கொண்டிருப்பார். அது நெற்றியிலேயே இருக்கும். அவருக்காக வெளியே ஒரு கூட்டம் மாரடித்து அழுதது. எதிரே இன்னொரு கூட்டம் தூக்குக் கயிறு கேட்டது. இரண்டிலுமே இருந்தது போன தேர்தலில் அவருக்கு மாலை போட்டவர்கள்தான். ஆட்டு மந்தைக்குக்கூட இதைவிட ஞாபகசக்தி உண்டு.

தண்டனை கிடைத்தால் ஊர் எரியும். விடுதலையானால் அவர் திரும்பி வந்து நம்மை எரிப்பார். வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பதுதான் நாட்டுக்கு நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

விளங்காதவள் பதினோராம் சாட்சி ஒருத்திதான். மாளிகையில் தொலைபேசி இணைப்பு கொடுத்தவள். அந்த உத்தரவைக் காதால் கேட்டவள் அவள் மட்டுமே. அவளுடைய நாத்தனார் வீட்டு மாடியில் ஒளித்துவைத்திருந்தோம். நேரில் போய்ப் பேசிப் பார்த்தேன்.

“சரியா காதுல விழலைன்னு சொல்லிடும்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“விழுந்துச்சே அண்ணே. லைன் போட்டுக் கொடுத்ததே நான்தானே. சொல்லிட்டேன்னா அப்புறம் தூங்கிடுவேன்.”

அவள் ஒருத்தி தூங்குவதற்காக நாடே விழித்துக் கிடக்க வேண்டுமாம்.

மறுநாள் நீதிமன்றப் படிக்கட்டில் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தேன். என்னோடு படித்தவன், என் விடைத்தாளை எட்டிப் பார்த்துத் தேறியவன். முகவரியைச் சொன்னேன். மிரட்டி ஊரைவிட்டு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன்.

“மிரட்டினா பயப்படுவாளா?” என்று கேட்டான்.

“மாட்டா,” என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது என் பழக்கம்.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் அவள் மாடிப்படியில் செத்துக் கிடந்தாள். வழக்கு நான் நினைத்தபடி இழுக்கவில்லை. ஒரே வாரத்தில், போதிய சாட்சியம் இல்லையென்று அவர் விடுதலையானார். மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். நான் கண்ணியமாக வாதாடியதாக ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். சட்ட அமைச்சர் பதவி என்றும் ஏதோ பேச்சு வந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதும் மரியாதையாக இருக்காது.

அவள் யாருக்கும் கதவைத் திறக்காதவளாம். வந்தவர்கள் “வக்கீல் அண்ணன் அனுப்பினார்” என்றதும் திறந்தாளாம். நாத்தனார் புகாரில் சொல்லியிருக்கிறாள் அல்லவா? அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வழக்கில் சாட்சிகளின் நம்பிக்கையைக் கடைசிவரை காப்பாற்றியவன் நான் ஒருவன்தான்.