தெளிந்த கல்

ஞாயிற்றுக்கிழமை பஜனைக்குப் பேப்பர் தட்டு வாங்கிவருவது என் பொறுப்பாக இருந்தது. எங்கள் அமெரிக்க ஊரான வெஸ்ட் வின்ட்சரில் மற்றவர்கள் ஆளுக்கொரு சமையல் கொண்டுவருவார்கள். மனைவி விட்டுப்போனவனை நம்பிப் புளியோதரையை யார் ஒப்படைப்பார்கள்? ஐந்து வருடம் தட்டு சுமந்தேன். கண்ணாடி உருக்கும் கம்பெனியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றேழில் ஆபீஸ் வேலையாக சுவிட்சர்லாந்து போனபோது ஒரு கல் வாங்கினேன். ஆல்ப்ஸ் மலையில் கயிறு கட்டித் தொங்கி, பாறை வெடிப்புக்குள் கைவிட்டு எடுக்கிற புகைநிறப் படிகம். டிகாக்‌ஷன் நிறம், லிங்கம்போல் நிமிர்ந்த வடிவம். பஜனையில் வைத்தேன். "தட்டு எங்க சார்?" என்றார்கள்.

அந்த வாரம்தான் பஜனைக்கு வரும் புஷ்பவல்லியின் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. சின்னதுதான், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஜனையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தக் கல்லு தெளியத் தெளிய உங்களுக்கும் சரியாயிடும். நான் எடுத்துட்டுப் போய் ஜபம் பண்றேன்" என்றேன்.

ஜபமும் பண்ணினேன், பொய் சொல்லக் கூடாது. கூடவே கல்லை மணலில் புதைத்து ஓவனில் வைத்தேன். அந்தப் புகைநிறம் சூட்டில் போய்விடும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு டீ நிறம். அதற்கடுத்த வாரம் சூட்டை இன்னும் ஏற்றினேன், பச்சைத்தண்ணீர்போல வந்தது. தினமும் பாலபிஷேகம் செய்யச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தேன்.

காலில் விழுந்தாள். "சர்ஜரிய கேன்சல் பண்ணிடறேன் சார். இனிமே எதுக்குக் கத்தி?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மற்றவர்களும் என் காலில் விழ வரிசையில் நின்றுவிட்டார்கள். பக்தியில் குறுக்கே பேசுவது நாகரிகமா? அன்றைக்குத் தட்டு வேறு யாரோ வாங்கிவந்திருந்தார்கள்.

பதினோரு மாதம் இருந்தாள். வாராவாரம் போய்ப் பார்த்தேன். இருமலுக்கு நடுவிலும் கல்லைக் கும்பிட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அவள் கணவர் சுந்தரராமன், "எங்க சார் தப்பு நடந்துச்சு?" என்று கேட்டார். பாவம், மனிதருக்கு ஒரு பதில் வேண்டுமே. யோசித்தேன்.

"நடுவுல டல்லாஸ் ட்ரிப்ல மூணு நாள் அபிஷேகத்த விட்டுட்டீங்களே" என்றேன்.

உடைந்துபோனார். "அப்ப நான்தான் அவளக் கொன்னுட்டேன்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இந்த மாதிரி சமயத்தில்தான் பெரிய மனசு வேண்டும். மன்னித்துவிட்டேன்.